மைஸ்டருக்கு வைத்த நிறைகுடம்

ஒரு மனிதனைக் கெடுப்பதற்குக் குடியும் சீட்டாட்டமும் தேவையில்லை. "உங்களுக்கு நல்ல ரசனை இருக்கிறது" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான். என்னிடம் அப்படிச் சொன்னவர் கொலோன் நகரத்தில் தளபாடக் கடை வைத்திருந்த ஒரு ஜெர்மன் பெண்மணி. சொன்னது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். அந்த ஒரு வரியை நம்பி நான் செய்த காரியத்தால் என் வேலை போயிற்று, என் மனைவி கொழும்பில் இரண்டு வருடம் கூடுதலாகக் கிடந்தாள், டென்மார்க்கைச் சேர்ந்த உலகப் புகழ் பெற்ற கலைஞர் ஒருவருக்குப் புதிதாக ஒரு பரிசு கிடைத்தது. இந்த மூன்றில் எது எனக்கு அதிகம் எரிகிறது என்று கேட்டால், நாளுக்கு நாள் பதில் மாறும்.

அந்தக் கலைஞரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு அது இன்னொரு விளம்பரம், ஏற்கெனவே இருப்பது போதும். கடையில் எல்லோரும் அவரை 'மைஸ்டர்' என்றே சொன்னார்கள். ஜெர்மன்காரர் குழாய் திருத்துகிறவரையும் மைஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் எங்கள் முதலாளியம்மா இவரைச் சொல்லும்போது மட்டும் கோயிலுக்குள் நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்துவார். மரத்தில் நாற்காலியும் மேசையும், கண்ணாடியில் கிண்ணமும் குடுவையும் விளக்கும் செய்கிறவர். எல்லாமே மொட்டையாக இருக்கும். ஒரு பூ, ஒரு சித்திரம், ஒரு கோடு கூடுதலாக இருக்காது. அதுதான் அவருடைய பெருமையாம்.

நான் அந்தக் கடையின் களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். முதன்முதலில் மைஸ்டரின் நாற்காலி ஒன்றைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது, வேலை முடியாத சாமானை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து மீதிப் பாகங்களைப் பெட்டிக்குள் தேடினேன். (விலையைப் பார்த்த பிறகும் தேடினேன்.)

எங்கள் ஆட்களுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். நாங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே பின்னல் விரிப்புப் போட்டு, விரிப்புக்கு மேலே பிளாஸ்டிக் பூச்சாடி வைத்து, பூச்சாடியில் தூசி படாமல் அதற்கு ஒரு பொலித்தீன் உறை போடுகிற சனம். சோபா வாங்கினால் அதன் உறையைக் கழற்றமாட்டோம். வெறுமையாக ஓர் இடம் கண்ணில் பட்டால் அந்த வீட்டுக்காரருக்கு ஏதோ கஷ்டகாலம் என்று பரிதாபப்படுவோம்.

எனக்கு அந்தக் கடையில் இருந்தது தற்காலிக வேலை. நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுபோய் வெளிநாட்டவர் அலுவலகத்தில் காட்டினால்தான் மனைவியைக் கூப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். ரஞ்சினியைக் கலியாணம் முடித்துச் சில மாதங்களிலேயே நான் இங்கே வந்துவிட்டேன். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் தாயோடு இருந்தாள். அறை என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு கட்டில் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்குமாம். பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, தெருவில் மறித்து அடையாள அட்டை கேட்பது என்று ஒவ்வொரு நாளும் பயத்தோடுதான் விடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அட்டையைச் செருகி எண்ணை அழுத்துவேன்.

"இஞ்சருங்கோ, கடிதம் தந்திட்டினமோ?" என்பாள். சுகமா என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"தருவினம். கண்காட்சி முடியத் தாறன் எண்டு மனுசி சொன்னவ."

உண்மைதான், முதலாளியம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். மைஸ்டரின் வாழ்நாள் வேலைகளை வைத்துக் கடையில் ஒரு கண்காட்சி. அதைத் திறந்துவைக்க மைஸ்டரே நேரில் வருகிறார். அது நல்லபடியாக முடிந்ததும் என் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அது தட்டச்சு செய்து தயாராக அவருடைய மேசையில் கிடந்ததை நானே பார்த்தேன். என் பெயரைக்கூடப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள். ஜெர்மனியில் அது சாதாரண விஷயம் இல்லை.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை மாலை. மைஸ்டரை அழைத்துவர முதலாளியம்மா ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டார். கடையில் விற்பனைக்கு நிற்கிற மற்ற இருவரும் வைன் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். போகிற போக்கில் முதலாளியம்மா திரும்பி, வாசலில் இருந்த மேசையைக் காட்டினார்.

"இதை நீங்கள் அழகாக்கிவிடுங்கள். ஒரு குடுவை, ஒரு கொப்பு. அவ்வளவுதான். கம்பளங்களை நிறம் பார்த்து அடுக்கியது நீங்கள்தானே, உங்களுக்கு நல்ல ரசனை இருக்கிறது."

களஞ்சியத்தில் கம்பளங்களை நான் நிறம் பார்த்து அடுக்கியது, கீழே கிடந்த சிவப்புக் கம்பளத்தை இழுக்கும்போது மேலே இருந்தவை என் தலையில் விழாமல் இருக்கத்தான். ஆனால் அந்த வரி உள்ளே போய்விட்டது. 'அழகாக்கிவிடுங்கள்' என்பது மட்டும் காதில் நின்றது, 'ஒரு கொப்பு' நிற்கவில்லை. இல்லை, அதுவும் நின்றது. ஆனால் பெரிய மனிதர் ஒருவர் படியேறி வருகிற நேரம் வாசலில் ஒற்றைக் கொப்பைச் செருகி வைப்பதா? மனுசி என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். இவனுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடப்போகிறார். இப்போது நினைத்தால், அன்றைக்கு நானாக இருந்த அந்த இளைஞனின் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும்போல இருக்கிறது.

உடனே யோகன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். யோகன் அண்ணை என்னோடு ஒரே அறையில் இருந்தவர். வார நாட்களில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவார். வார இறுதிகளில் எசனிலிருந்து ஸ்டுட்கார்ட் வரை எங்கே தமிழ்க் கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ நடந்தாலும் சோடனை அவர்தான். குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு, மணவறைத் துணி எல்லாம் அவருடைய கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. (கட்டிலுக்கு மேலேயும் இருந்தன. அவர் படுக்கிற இடத்தை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.)

"அண்ணை, பெரிய மனுசன் ஒருத்தர் வாறார். வாசல்லை என்ன வைக்கிறது?"

"இதென்ன கேள்வி. நிறைகுடம்தான்."

"அவர் வெள்ளைக்காரர் அண்ணை."

"இருக்கட்டுமேன். ஆர் வந்தாலும் வாசலுக்குக் குடம் வேணும்தானே. குடம் இருக்கோ, நான் கொண்டு வரட்டோ?"

"குடம் இஞ்சை இருக்கு," என்றேன்.

இருந்தது. கண்காட்சியின் முதல் பொருளாக ஒரு குடுவை வைத்திருந்தார்கள். புகை படிந்த நீலக் கண்ணாடி. நல்ல வயிறு, சின்னக் கழுத்து, கொஞ்சம் விரிந்த வாய். மைஸ்டர் இளம் வயதில் கண்ணாடி உலையில் நின்று ஊதுவித்ததாம். அவருடைய சொந்த வீட்டிலிருந்து பஞ்சுக்குள் பொதிந்து வந்தது. நான்தான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எடுத்ததுமே, கிழவர் எங்கடை குடத்தைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறார் என்று பகிடியாக நினைத்தேன். அன்றைக்கு அது பகிடிதான்.

அது விலை மதிக்க முடியாதது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தபடியால்தான் அதை எடுத்தேன். வீட்டில் இருப்பதில் நல்ல குடத்தைத்தானே வாசலுக்கு வைப்பது. அது அவர் செய்த குடமாகவே இருந்துவிட்டால் அதைவிட என்ன மரியாதை வேண்டும்? இந்த நியாயத்தை நான் பிறகு ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். அந்த மொழியில் அது எடுபடவில்லை.

யோகன் அண்ணை பட்டு வேட்டியோடு டாக்சியில் வந்து இறங்கினார். இரண்டு பேருமாகத் தொடங்கினோம். மைஸ்டர் செய்த தேக்குமரத் தட்டில் அரிசியைப் பரப்பி, அதன்மேல் குடுவையை வைத்துத் தண்ணீர் நிறைத்தோம். மாவிலைக்குக் கொலோனில் எங்கே போவது? ஜெர்மனியில் எங்கள் சாமிகள் எல்லாம் வேலியில் நிற்கிற கிர்ஷ்லோர்பேர் இலைக்குப் பழகிவிட்டார்கள். கார் நிறுத்துகிற இடத்து வேலியில் ஐந்து இலை முறித்துவந்து வாயைச் சுற்றி வைத்தோம். நீலக் கண்ணாடியின் வயிற்றில் யோகன் அண்ணை சந்தனத்தையும் குங்குமத்தையும் அள்ளிப் பெரிய பொட்டுகளாக வைத்தார். கடைசியாகத் தேங்காய். தமிழ்க் கடையில் அன்றைக்குக் குடுமியோடு இருந்தது ஒன்றே ஒன்றுதானாம், அதுவும் சின்னது. வாயில் வைத்ததும் அது ஒரு விரலளவு உள்ளே இறங்கி, 'டக்' என்று உட்கார்ந்தது.

"நல்லா இருந்திட்டுது," என்றார் யோகன் அண்ணை, திருப்தியாக.

அடுத்தது கதிரை. பேச்சுகள் நடக்கும்போது மைஸ்டர் இருப்பதற்காக அவருடைய முதல் நாற்காலியை நடுவில் போட்டிருந்தார்கள். அதுவும் அவர் வீட்டுச் சாமான். வெளுத்துப்போன மரம், தேய்ந்துபோன தோல். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வருகிற வட்டாரக் கல்வி அதிகாரியைக்கூட இப்படி வெறுங் கதிரையில் இருத்தமாட்டார்கள். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதை முழுக்க மூடி, முதுகுப் பக்கம் சிவப்பு நாடாவால் முடிச்சுக் கட்டினோம். கால் நுனிகூடத் தெரியவில்லை.

விருந்தினர்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடிச் சட்டம், சாவீடோ என்று நினைக்கும்படி. யோகன் அண்ணை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்தார். கட்டடக் கலைஞர் ஒருவர் மேலே அண்ணாந்து கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தார். கற்கண்டும் சந்தனமும் வைத்த தட்டை நீட்டினேன். ஒரு பெண் கற்கண்டை எடுத்துச் சந்தனத்தில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, சுவாரசியமாக இருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். விற்பனையாளர் இருவரும் இதெல்லாம் முதலாளியம்மாவின் ஏற்பாடு என்று நினைத்து, கைகட்டி நின்று பாராட்டும் பார்வை பார்த்தார்கள்.

முதலாளியம்மாவின் கார் வந்து நின்றது. மைஸ்டர் உயரமாக, சற்றே கூனலாக, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் இறங்கினார். யோகன் அண்ணை கிழவருக்கு மட்டும் விசேஷமாகப் பன்னீரை இரண்டு வீச்சு வீசினார். மைஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் முதலாளியம்மாவின் முகம். அந்த நிறத்தில் ஒரு கம்பளம்கூட எங்கள் களஞ்சியத்தில் இருக்கவில்லை.

"என்ன இது?" என்றார் அவர், பல்லைத் திறக்காமல்.

"வரவேற்பு," என்றேன்.

 மைஸ்டர் குனிந்து, பக்கவாட்டில் போய், திரும்பவும் முன்னால் வந்து பார்த்தார். டேனிஷ் வாடை அடிக்கிற ஜெர்மனில் என்னிடம் கேட்டார்.

"இது ஏன் மேலே இருக்கிறது?"

"அது தலை," என்றேன் என் ஜெர்மனில். "பானை வயிறு. தேங்காய் தலை. உள்ளே நிறையத் தண்ணீர். நிறைய நல்லது. நீங்கள் வர, நல்லது வரும்."

"இலை?"

அதற்கு என்னிடம் ஜெர்மன் இருக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, விரல்களை மேலே நீட்டிக் காட்டினேன். அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் குடத்தை வரைந்தார். வயிறு, கழுத்து, ஐந்து இலை, கூர்நுனித் தேங்காய். வரைந்து முடித்து என் தோளில் தட்டி, "மிக அழகு" என்றார்.

எனக்குக் கால் நிலத்தில் இல்லை. முதலாளியம்மாவின் அறைக் கதவு திறந்து கிடந்தது. மேசையில் என் ஒப்பந்தம் தெரிந்தது. கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. ரஞ்சினிக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். பயணத்துக்கு "வெளிக்கிடும்" என்று ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டு, அவள் அழட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நிற்பதாக இருந்தேன்.

"என் நாற்காலி எங்கே?" என்றார் மைஸ்டர், சுற்றிலும் பார்த்து.

நான் கதிரைமேல் விரித்த வேட்டியின் ஓரத்தைத் தூக்கி ஒரு காலை மட்டும் காட்டினேன், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல. அவர் சிரித்தார். "ஒரு நாற்காலியிலிருந்து எதை எதை எடுத்துவிடலாம் என்று பார்ப்பதிலேயே என் ஆயுள் போய்விட்டது. நீ ஒரே மாலையில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிட்டாய்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவர், மைஸ்டரையும் அவருடைய புகழ்பெற்ற குடுவையையும் சேர்த்து ஒரு படம் வேண்டும், குடுவை மட்டும், மேலே உள்ளது வேண்டாம் என்றார்.

"அதை எடுங்கள். உடனே," என்றார் முதலாளியம்மா என்னிடம்.

"தம்பி, அவசரப்பட்டு எடுக்கப்படாது. ஆக்கள் எல்லாம் வந்து முடியட்டும்," என்றார் யோகன் அண்ணை.

ஒரு பக்கம் ஜெர்மன் கட்டளை, மறுபக்கம் தமிழ்ச் சம்பிரதாயம். ஒப்பந்தம் ஜெர்மனில்தான் இருந்தது. குடுமியைப் பிடித்துத் தேங்காயைத் தூக்கினேன். குடுமி மட்டும் என் கையோடு வந்தது. தேங்காய் வரவில்லை. 'டக்' என்று உட்கார்ந்தது சும்மா உட்காரவில்லை, நனைந்த இலையும் சேர்ந்து நன்றாக இறுகியிருந்தது. விரல்களால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகன் அண்ணை பன்னீர்ச்செம்பைக் கீழே வைத்துவிட்டு அடியைப் பிடிக்க வந்தார். "நீர் இழும், நான் பிடிக்கிறன்," என்றார். சந்தனமும் தண்ணீரும் பட்ட கண்ணாடி எண்ணெய் பூசிய மாதிரி இருந்தது. நான் இழுத்தேன். அவர் பிடித்தார். பிடித்ததாக அவர் இன்றுவரை சொல்கிறார். குடம் முழுதாக என் கையோடு மேலே வந்து, ஒரு கணம் தேங்காயில் தொங்கியது. பிறகு கழுத்தடியில் மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது.

வயிறு கீழே போய்விட்டது. என் கையில் தேங்காய் இருந்தது. தேங்காயைச் சுற்றி, சட்டைக் கழுத்துப்பட்டி மாதிரி, குடத்தின் வாய் அப்படியே இருந்தது.

தண்ணீர் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு வெளிர்நிற மரத் தரையில் சிவப்பாக ஓடியது. இரத்தம் என்று நினைத்து ஒரு பெண் கத்தினார். கறுப்பு உடைகள் பின்னால் நகர்ந்தன. அதற்கு நடுவில் யோகன் அண்ணை தெளிவாகச் சொன்னார்:

"பறவாயில்லை. கண்ணூறு கழிஞ்சுது. சொல்லும் அவைக்கு."

நான் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. உடைந்த கண்ணாடிக்கு நடுவில் நின்று, கையில் மொட்டைத் தேங்காயோடு, "கெட்டதெல்லாம் போய்விட்டது என்று இவர் சொல்கிறார்" என்று ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

மைஸ்டர் கோபப்படவில்லை. "கண்ணாடிதானே," என்றார். என் கையிலிருந்த தேங்காயை வாங்கி, அதைச் சுற்றியிருந்த கண்ணாடி வாயை விளக்குக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, தேங்காயும் கழுத்துமாகக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். மனிதர் எவ்வளவு பெருந்தன்மையானவர், என் மனம் நோகக்கூடாது என்று ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கேட்க முடியுமானால் கேட்பேன்.

திங்கட்கிழமை காலை முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒப்பந்தம் இல்லை.

"மைஸ்டர் என்னை மன்னித்துவிட்டார்," என்றேன்.

"அவர் கலைஞர். அவர் மன்னிக்கலாம். நான் கடை நடத்துகிறேன்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கு ரசனை இருக்கிறது என்று சொன்னது என் தவறு," என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வேலை போனது பிறகு ஆறியது, இது ஆறவில்லை.

அன்றைக்கு ஞாயிறு இல்லாவிட்டாலும் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன்.

"கடிதம் தந்திட்டினமோ?"

"இல்லை. தேங்காய் சிக்கிப்போச்சு."

"என்ன தேங்காய்?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "உங்களை ஆர் அங்கை நிறைகுடம் வைக்கச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்வதற்குள் அட்டை முடிந்துவிட்டது. முடிந்தது நல்லதுதான்.

மைஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஜெர்மன் தெரிந்த ஒருவரைப் பிடித்துத் திருத்தி எழுதினேன். உங்கள் குடத்துக்கு மரியாதை செய்யப்போய் என் வேலை போய்விட்டது, என் மனைவியைக் கூப்பிட முடியாமல் இருக்கிறது, முதலாளியம்மாவுக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்று. பதில் வந்தது. அச்சடித்த நன்றி அட்டை. முன்பக்கத்தில் ஒரு நாற்காலியின் படம், பின்பக்கம் வெறுமை. அவருடைய பாணிதான்.

பிறகு பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, அது நிரந்தரமாகி, பத்திரமெல்லாம் சரிவந்து ரஞ்சினி வந்து இறங்க இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு தடவை லொட்ஜைச் சுற்றிவளைத்து, அவளைப் பிடித்துக்கொண்டுபோய் ஓர் இரவு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். தொலைபேசியில் அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. இங்கே வந்து சில நாட்களுக்குப் பிறகு, சட்டி கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள். என்ன நடந்தது என்று நான் கேட்டேன். "ஒண்டும் நடக்கேல்லை. விடியும் மட்டும் இருந்தன்," என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவளுக்குச் சப்பாத்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். கண்ணாடிச் சாமான் கடை ஒன்றின் முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, உது நிறைகுடமெல்லோ. ஆர் வைச்சது?"

நீலக் கண்ணாடிக் குடம். அதன் வாயைச் சுற்றி ஐந்து பச்சைக் கண்ணாடி இலை. மேலே மூடியாக, கூர்நுனியோடு ஒரு கண்ணாடித் தேங்காய். பக்கத்தில் ஒரு சிறிய அட்டையில் மைஸ்டரின் பெயரும், பரிசு பெற்றது என்ற செய்தியும், விளக்கமும். வட தேசத்து இலையுதிர் காலத்தில் கழித்த பால்ய நினைவுகளிலிருந்து பிறந்த வடிவமாம். நான் அதை வாசித்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பதுதானே என் வேலை.

ரஞ்சினி கண்ணாடிக்கு மூக்கு முட்ட நின்று பார்த்தாள். விலையைக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"என்ரை இரண்டு வருசம் உதுக்குள்ளை நிக்குது," என்றாள். பிறகு சப்பாத்துக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

இப்போது எங்கள் ஆட்கள் மத்தியில் இது பெரிய பகிடி. கலியாண மண்டபத்தில் நிறைகுடம் வைத்திருந்தால், "அண்ணை, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. யோகன் அண்ணை தாம் பிடித்ததாகவும் நான்தான் முறையாக இழுக்கவில்லை என்றும் ஒவ்வொரு தடவையும் சாட்சி சொல்கிறார். எங்கள் மகள் சின்ன வகுப்பில் அருங்காட்சியகத்துக்குப் போனபோது அந்தக் குடத்தைக் காட்டி, இது என் அப்பாவுடையது என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிற பழக்கம் இருப்பதாக வீட்டுக்குச் செய்தி வந்தது.

போன வருடம் நாங்கள் சொந்தமாக ஒரு வீடு வாங்கிக் குடிபூர்ந்தோம். மகள் பழைய சாமான் சந்தையில் தேடி, அடி கொஞ்சம் உடைந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அசல் மைஸ்டர் குடம். அப்பாவுக்குப் பகிடிக்காக என்றாள். வந்திருந்த சனமெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தது. ரஞ்சினி சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய், பால் காய்ச்சுவதற்கு முன்னால் உடைக்கவென்று வைத்திருந்த தேங்காயை எடுத்துவந்தாள். கண்ணாடித் தேங்காயைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, உண்மைத் தேங்காயைக் குடத்தின் வாயில் வைத்தாள்.

உள்ளே இறங்கவில்லை, 'டக்' என்று சத்தமும் இல்லை. மெல்ல வந்து உட்கார்ந்தது. அவள் இரண்டு விரலால் தூக்கினாள், லேசாக வந்தது. திரும்பவும் வைத்துத் தூக்கினாள், திரும்பவும் வந்தது. கிழவர் அந்தக் கழுத்தைக் கொண்டுபோய் அளந்திருக்கிறார். தேங்காய் சிக்காதபடி வாயை ஒரு விரலளவு திருத்தியிருக்கிறார்.

"குடத்திலைதான் பிழை எண்டு மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் ரஞ்சினி. "அதை ஒருக்கால் சொல்லியிருக்கலாம்தானே."

அவள் அந்தத் தேங்காயை எடுத்துக்கொண்டுபோய் வாசற்படியில் உடைத்தாள். சரிபாதியாக உடைந்தது. சனம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், வழக்கம்போல.